அண்ணாவின் பெயரில் ஒரு கிண்ணம்

என் ஆசை அண்ணாவுக்கு,

நேற்று உங்கள் பெயரில் நினைவுக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி நடத்தினார்கள். இங்கே பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கம் உதைபந்தாட்டத் திடல் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் பாதியிலேயே எழும்பிப் போயிருப்பீர்கள்.

வாசலில் இரண்டு பெரிய படங்கள். ஒன்று நீங்கள். மற்றது நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடிய கப்டன், கரீபியன் தீவுகளிலிருந்து வந்து பந்துவீச்சாளர்களை நடுங்க வைத்த அந்தத் துடுப்பாட்டக்காரர். இரண்டு படங்களுக்கும் மாலை போட்டிருந்தார்கள். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதுகூட எங்கள் சங்கத்து அறிவாளிகளுக்குத் தோன்றவில்லை.

சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார், உங்களுக்குத் தெரியும். கப்டனின் சரித்திரம் முழுவதையும் ஒப்புவித்தார். தலைக்கவசம் போடாமல் வேகப்பந்தை எதிர்கொண்டது, சூயிங்கம் மென்றபடி ஆடுகளத்துக்கு நடந்து வந்தது, தலைமை தாங்கிய காலத்தில் ஒரு டெஸ்ட் தொடரையும் தோற்காதது. எல்லாம் உங்களிடம் கேட்டுப் பாடமாக்கியவை. நீங்கள் எப்போதும் முதலில் சொல்லும் கதையை மட்டும் விட்டுவிட்டார். கறுப்பரை ஒதுக்கி வைத்த நாட்டில் வந்து ஆடச் சொல்லிக் காசை அள்ளிக் கொடுக்க வந்தபோது, மாட்டேன் என்றாரே, அந்தக் கதை.

"ஓட்டம் ஆரும் எடுக்கலாம். இப்பிடிச் சொல்லத்தான் முதுகெலும்பு வேணும்" என்பீர்கள்.

அதைச் சொல்ல எங்கள் தலைவருக்கு வாய் வருமா? வெளியே கோஃபி நின்றார். கால்சாப் பகுதி வீடுகளில் உங்களோடு மாடிப்படி துடைத்த கானாக்காரர், பத்து வருடம் உங்கள் அணிக்குப் பந்து வீசியவர். வெள்ளை உடுப்பைத் தோய்த்து அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் போட்டி என்று அவரை உள்ளே விடவில்லை. கறுப்பு மனிதர் ஒருவரின் படத்துக்கு மாலை போட்ட கையாலேயே இவரைத் தடுத்தார்கள். ஒருத்தருக்கும் வெட்கமில்லை. றோல்ஸைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கோஃபி என்னிடம் வந்து, தன்னில் ஏதும் பிழையா என்று இத்தாலியனில் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அண்ணா, அது பொய். போன கிழமையே தலைவர் தொலைபேசியில் கேட்டிருந்தார்.

"தங்கச்சி, உம்மட சம்மதம் வேணும். அந்தக் கறுவலும் நிண்டா படம் எடுக்கேக்கை நல்லா இராது."

"ஓம் அண்ணை, உங்கட விருப்பம்" என்றேன்.

மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அடுத்த மாதம் சாமத்தியச் சடங்கு. சங்க மண்டபம் வேண்டும், அது அவர் கையில் இருக்கிறது. உங்கள் கப்டன் எவ்வளவு பெரியதை வேண்டாம் என்றார்! நான் ஒரு மண்டபத்துக்கு மடங்கிப் போனேன். கூடப்பிறந்தவளே ஓம் சொன்ன பிறகு அவர்களுக்கு என்ன தடை?

கிண்ணத்தையும் நான்தான் கொடுத்தேன். சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் இப்போது எல்லாருடைய போனிலும் சுற்றுகிறது. என் முகத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோஃபி வீட்டுக்குப் போவேன். ஓம் என்றது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். மன்னிப்பாரோ, கதவைச் சாத்துவாரோ, தெரியாது. பிறகு தலைவரிடம் போய், கிண்ணத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்வேன். மண்டபம் போகட்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டுத்தான் உங்கள் படத்துக்கு இனி விளக்கேற்றுவேன்.

நீங்கள் வெட்கப்பட்டாலும் உங்கள் ஒரே தங்கச்சி,
சுகந்தி
பலெர்மோ