கன்னியம்மா பிரித்த கொட்டகை

செவ்வாய்க்கிழமை, இரவு.

விழுப்புரத்தில் மகனோடு போய் இருக்கலாம் என்று திண்டிவனத்து வீட்டை விலைக்குப் போட்டிருக்கிறேன். காலையில் புரோக்கர் ட்ரோன் விட்டு வீட்டைப் படம் எடுத்தார். தெருவோரம் மாட்டுக் கொட்டகை போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?"

என் வாய் சும்மா இருக்குமா?

"தாலுக்கா ஆபீஸ் ட்ரோன்மா. புறம்போக்குல கொட்டகை போட்டவங்கள படம் புடிச்சிக்கினு போவுது. உன் மாடு நல்லா போஸ் குடுத்துச்சு."

வழக்கம்போலத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் கொட்டகையே இல்லை. கீற்றெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. மாட்டை என் வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை சொன்னியேண்ணா. ஜல்தியா பிரிச்சிட்டேன்."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் புரோக்கர் போன் செய்தார். "நைனா, கொட்டகை போயிடுச்சாமே! நாளைக்கு இன்னொருவாட்டி எடுக்கலாம். வீடு சூப்பரா தெரியும்." அதற்கும் சரி என்றேன்.

இப்போது தூறுகிறது. மாட்டின் மேல் கோணிப்பை போர்த்திவிட்டு வந்தேன். விடிந்ததும் பால் கறக்க வருவாள். முதல் டம்ளர் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள்.