சோப்பில் கரைந்த மருந்து

மகள் நகப்பூச்சை அழிக்க ஒரு சின்ன பாட்டிலைத் திறந்தாள். அசிட்டோன் வாசனை வீடெல்லாம் பரவியது. கும்மிடிப்பூண்டி மருந்து ஆய்வகத்தில் அதே அசிட்டோனால் குடுவைகளை அலம்பிவிட்டு, ஈரக்கையைக் கோட்டில் துடைத்தபடி நீ எனக்குப் பின்னால் வந்து நின்றதுபோல் இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

நான் கணினியில் வரைவேன், நீ அதைக் குடுவையில் செய்வாய். டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக் கிருமியின் நஞ்சில் ஒரு நொதி. நரம்புக்குள் புகுந்து அங்கிருக்கும் புரதத்தை வெட்டிவிடும். அந்த நொதியின் நடுவே ஒரு பள்ளம். அதில் போய் அடைத்துக்கொள்ளும் சின்ன மூலக்கூறு ஒன்றுதான் நமக்கு வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் அந்தப் பள்ளத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்போம். லாரிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும். நாம் அதன் நீலச் சுவர்களைத் தடவிக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருப்போம். “இந்த மூலையில ஒரு மெத்தில் குரூப்ப வச்சா ஒக்காந்துக்குமாடி?” என்பாய், புது வீட்டில் பீரோவுக்கு இடம் பார்க்கிறவள் மாதிரி.

பழவேற்காட்டில் உன் உம்மாவுக்குப் பிறந்த முதல் பிள்ளை, பேர் வைக்கும் முன்பே ரணஜன்னியில் விறைத்து இறந்துபோனான். நீ பார்த்தேயிராத அண்ணன். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். ஆனால் நீ யாருக்காக ராப்பகலாக உழைத்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் நம் மூலக்கூறு நொதியை அப்படியே நிறுத்திவிட்டது. மேலாளர் ஸ்வீட் வரவழைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் ஸ்வீட்டைத் தொடாமல், “ஒரு சொட்டு சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துடலாம்டி” என்றாய். போட்டோம். நொதி மறுபடி வெட்டத் தொடங்கியது. நம் மூலக்கூறுகள் பள்ளத்துக்குள் போகவே இல்லை. தண்ணீரில் உருண்டையாகத் திரண்டு, நொதியைத் தங்கள்மேல் ஒட்டவைத்திருந்தன. சோப்பு பட்டதும் உருண்டை கரைந்தது. எல்லாம் போயிற்று.

“ஏன்டி போட்டே?” என்றேன். அழுகையே வந்துவிட்டது.

“நமக்குள்ள பொய் சொல்லிக்கினா போவுது. பொறந்த கொயந்தைக்குச் சொல்லக் கூடாதுடி.”

மறுநாள் காலை நாஷ்டாவை முடித்த கையோடு வந்து, “கம்ப்யூட்டரத் தொறடி, வேற வரை” என்றாய். எத்தனையோ வரைந்தோம். அந்தப் பள்ளத்துக்கான மருந்து கடைசிவரை நமக்குக் கிடைக்கவில்லை.

பல வருஷம் கழித்து நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். மருந்து வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். அவரை நீ ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, “நெசமாவாடி?” என்றாய்.

“ஆமா” என்றேன். எனக்கு என்ன தெரியும்?

“சரி, நீ சொன்னா நம்பிக்கிறேன்” என்று கண்ணை மூடிக்கொண்டாய். அந்த மருந்து உன்னைக் காப்பாற்றவில்லை.

வாழ்நாளில் நீ சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது என்னுடைய அந்த ஒரு ‘ஆமா’வைத்தான். இன்னும் கனக்கிறது. இறக்கி வைக்கத்தான் மனசு வரவில்லை.