புருவத்தில் சொன்ன பதில்

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் சாலோமே ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? கர்த்தர் கிருபையில் நான் சுகம். இந்த அயல்நாட்டில் ஆப்பிள் பறிக்கும் வேலையும் நன்றாகவே போகிறது.

ஆத்திரம் ஒன்றுதான். மாலை ஆங்கில வகுப்பில், ‘ஐ யூஸ்ட் டு’ என்றால் முன்பெல்லாம் செய்வேன், ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்றால் பழகிவிட்டது என்று வாத்தியார் கிரெய்க் விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. “புரிஞ்சுதா?” என்றார். நம் டோங்கா தீவுக்காரி ஆமாம் என்பதை எப்படிச் சொல்வாள்? புருவத்தைத் தூக்கினேன். மறுபடி கேட்டார். இன்னும் உயரத் தூக்கினேன்.

“வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கத்தி, என்னை ஏபிசிடி வகுப்பில் தள்ளிவிட்டார்! பக்கத்திலிருந்த நம் ஊர் லெசீலி, “உன் நெத்தியப் படிக்க அவருக்கு யாருடி சொல்லிக்குடுக்கிறது?” என்று சிரிக்கிறாள். சிரிக்கிற விஷயமா இது? அவர் பேச்சையெல்லாம் நான் புரிந்துகொள்ள வேண்டுமாம், என் ஒரு புருவம் அவருக்குப் புரியாதாம்!

அம்மா காய்ச்சும் வாசனைத் தேங்காயெண்ணெய் ஒரு குப்பி அனுப்புங்கள். இங்கே விற்பதில் வாசனையே இல்லை.

தோட்டத்து வண்டி வந்துவிட்டது. ஞாயிறன்று போனில் “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று வருத்தப்பட்டீர்களாமே. சொன்னேன் அப்பா, புருவத்தைத் தூக்கித்தான் சொன்னேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.