லான்ஸ் மூரோவில் யாரும் சும்மா இல்லை

லான்ஸ் மூரோ,
டொபேகோ.
குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்.

பிரிட்ஜ்டவுனில் பெரிய உத்தியோகம் பார்க்கும் என் அக்கா மகள் ஷெர்னெலுக்கு, அல்ரிக் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மெர்லினா அத்தையும் ஆண்டவர் கிருபையில் நலம். நீயும் நலமாக இருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். அத்தை சத்தமாக ஜெபிப்பாள், நான் மனதுக்குள். மனதுக்குள் சொல்வதுதான் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது என் அனுபவம்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரி மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. அதனால் எழுதுகிறேன்.

துவரை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. ஆகஸ்டுப் புயலில் பறந்த கூரையை மறுபடி போட்டாயிற்று. ஏறியதும் ஆணி அடித்ததும் கேப்டன் நெட்டின் குடும்பத்தார். யோசனை முழுக்க என்னுடையது. கீழே நின்று நான் கையைக் காட்டியிராவிட்டால் அந்தத் தகரம் ஒவ்வொன்றும் தலைகீழாகத்தான் போயிருக்கும்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன். நம் வீட்டில் மூன்று பேராசிரியர்கள் தங்கியிருக்கிறார்கள். ஊரில் வேறு வீடே இல்லையா என்று கேட்காதே. மற்ற வீடுகளில் அவர்களோடு சமமாக உட்கார்ந்து பேச ஆள் வேண்டாமா? நான் நான்காம் வகுப்போடு நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம் என்று திருமதி பான்டினே சொன்னார். கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். அவர் வரலாறு. டாக்டர் தியோநாரைன் பொருளாதாரம். மூன்றாவது டெசிரே என்ற பெண், கடலைப் பற்றிப் படித்தவள், மீனின் காது எலும்பைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுகிறாள். இத்தனை காலம் இந்தத் தீவுகளில் முன்னேற்றம், முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தது சரிதானா என்று பல படிப்புக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து முதலிலிருந்து யோசிக்கிறார்களாம். அந்த யோசனையை நம் ஊரில் தொடங்கியிருக்கிறார்கள். நான்காவது பேராசிரியராக என்னை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் நம் ஊர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் தீவுச் சபை நம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிறது. ஆற்று முகத்திலிருந்து கரும்பாறை வரைக்கும் கடற்கரையை உல்லாசப் படகுத் துறைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். கொடுத்துவிட்டால் நம் காலத்தில் திரும்பி வராது. கொடுக்கலாம் என்று சொல்வது, போன வருஷம் உன் ஆட்கள் ஊரைக் கணக்கெடுத்துப் போனதும் நீ எழுதிய அறிக்கை.

அந்த அறிக்கையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். உன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே! வருகிறவர்கள் எல்லாரையும் அதன் முன்னால் நிறுத்திய பிறகுதான் உட்காரச் சொல்வேன். திருமதி பான்டினையும் நிறுத்தினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் படித்தார். "மிஸ்டர் அல்ரிக், மிச்சப் பக்கத்த நீங்க படிச்சீங்களா?" என்றார். பெயர் இருக்கும் பக்கத்தைப் படித்தால் போதாதா என்றேன். அவர்தான் மற்றதைச் சொன்னார். லான்ஸ் மூரோவில் மீன் பிடிக்கிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மற்றவர்கள் வேலையற்றவர்கள், சும்மா இருப்பவர்கள். கடற்கரை பயன்படாமல் கிடக்கிறது.

நீ நல்ல பெண். கேட்டதை எழுதினாய், விற்பனைக்கு மீன் நிறுக்கும் தராசில் வந்ததை எழுதினாய். அதில் எனக்குக் குறை இல்லை.

இவர்கள் மூன்று பேரும் முதல் வாரம் முழுக்க ஒருவரோடொருவர் சண்டைதான். அத்தை நண்டும் மாவுருண்டையும் வைத்துப் பரிமாறினாள்; நண்டுக் காலை உடைக்கும் சத்தத்துக்கு மேலே இவர்கள் சத்தம். தியோநாரைன், "தராசுக்கு வராத மீன நான் எந்தக் கணக்குல சேக்கறது?" என்பார். பான்டின், "உங்க தராசு சர்க்கரை மூட்டைய எடை போட வந்தது சார். அப்பவும் கரும்பு வெட்டினவன எண்ணல, மூட்டையத்தான் எண்ணினாங்க" என்பார். டெசிரே, "ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க. அதுக்குள்ள மீனு வேற தீவுக்குப் போயிரும்" என்பாள். இந்த மூவரையும் சேர்த்துவைத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான் என்று சொல்லலாம். ஆனால் உண்மையில் கரைவலை.

சனிக்கிழமை காலை மீன் கூட்டம் தெரிந்ததும் பாறைமேலிருந்து சங்கு ஊதிற்று. உனக்குத் தெரியுமே, அடுப்பில் இருப்பது அடுப்பில், கையில் இருப்பது கையில் என்று ஊரே இறங்கி ஓடிற்று. தியோநாரைன் நிறுவைக் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் பேனாவோடு காத்திருந்தவர், "எல்லாரும் எங்க போறீங்க? மீன் இங்கதானே வரும்?" என்று பின்னாலேயே ஓடி வந்தார். பான்டின் கோவில் செருப்போடு கயிற்றைப் பிடித்துவிட்டார். தியோநாரைன் மட்டும் ஈஸ்லின் பக்கத்தில் நின்று, அம்மா நீங்கள் இதற்குக் கூலிக்காரரா பங்காளியா என்று கேட்டார். ஈஸ்லினை உனக்குத் தெரியாதா, ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்று நின்று நாக்கும் சூடாகிப்போனவள். "கயித்தப் புடிச்சிக்கிட்டுக் கேளுய்யா! கைய கட்டிக்கிட்டுக் கேக்கறதுக்கு இது என்ன கோர்ட்டா?" என்றாள். மனுஷன் பிடித்தார். பிடித்த பிறகு விட முடியுமா? வலை கனம். என் வாழ்நாளில் அப்படி ஒரு கனம் பார்த்ததில்லை, உள்ளே ஒரு திமிங்கிலம் இருந்தது என்றே நினைக்கிறேன். கரைக்கு வருமுன் தப்பித்திருக்க வேண்டும்.

வலையின் மடி கரை ஏறியதும் கேப்டன் நெட் வழக்கம்போலப் பங்கு போட்டார். கயிறு தொட்ட கைக்கெல்லாம் மீன். கிழவர்களுக்கு, கைம்பெண்களுக்கு, வயிற்றுப்பிள்ளைக்காரி லோர்னாவுக்கு இரண்டு பங்கு. தியோநாரைன் காலடியிலும் ஒரு குவியல் பாரை மீன் விழுந்தது. "நான் விலை குடுக்கலியே" என்றார். கேப்டன், "இழுத்தீங்கல்ல? அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. விட்டுட்டுப் போனா எங்களுக்கு அவமானம்" என்றார். மிச்சம்தான் தராசுக்குப் போயிற்று.

பொருளாதாரக்காரர் ஈர மணலில் கால்சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். மீனை ஒரு பார்வை, ஜனங்களை ஒரு பார்வை. "பாதிக்கு மேல தராசப் பாக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சே! சும்மா இருக்கறவங்கன்னு எழுதியிருக்கற அத்தன பேரும் இங்கதானே நிக்கறாங்க!" என்றார். பிறகு கேட்டார், கேட்க வேண்டியதை: "போன வருஷம் கணக்கெடுக்க வந்து கேட்டப்ப ஏன் எல்லாரும் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல, நாங்க ஒண்ணும் செய்யறதில்லன்னு சொன்னீங்க?"

ஊரே வானத்தைப் பார்த்தது. ஈஸ்லின் மட்டும், "அல்ரிக்கக் கேளுங்க" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். உன் ஆட்கள் அட்டையும் பேனாவுமாக வந்தது புயல் அடித்த மறு மாதம். கூரை இல்லாத ஊரில் அட்டையோடு வருகிறவன் நிவாரணத்துக்குத்தான் வருவான் என்று யாருக்கும் தோன்றும். இல்லை என்று எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவு தகரம் கிடைக்கும் என்று ஊரில் ஒரு கருத்து நிலவிற்று. அது யாருடைய கருத்து என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. ஊர்ப் பொது அறிவு என்று வைத்துக்கொள். இரண்டு படகு வைத்திருக்கும் ஜோயல்கூடத் தன்னிடம் ஒரு தூண்டில்தான் உண்டு, அதிலும் முள் இல்லை என்றான். நீயும் சந்தேகப்பட்டுப் போனில் கேட்டாய், "நெசமாவே யாரும் ஒண்ணும் செய்யறதில்லையா மாமா?" என்று. நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும்.

இனிமேல் நடக்கவேண்டியது சுலபம், நீ பயப்படாதே. மண்டபத்தில் ஊர் எழுந்து, அன்றைக்குச் சொன்னது சரியில்லை என்று சொல்லும். பேராசிரியர்கள் சரியானதைச் சொல்வார்கள். ஜெயம் நமக்குத்தான், நான் இருக்கிறேன். ஆனால் சொன்ன உடனே சபை உன் அறிக்கையைக் கையில் எடுக்கும். அதில் உன் பெயர் இருக்கிறது. பெயரை இழுக்காமல் பேசலாம் என்று பான்டின் சொல்கிறார். முடியாது என்கிறார் தியோநாரைன். ஊர் சொல்லுமுன் நீயே வந்து சொல்லிவிட்டால் நல்லது என்று எனக்குப் படுகிறது. கப்பல் துறைக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன். ஒருவர் உன்னை ஏறிட்டுப் பார்த்தாலும் என்னிடம் பதில் சொல்ல வேண்டும்.

பதில் போடு. போடாவிட்டாலும் வா.

உன் நலம் நாடும்
அல்ரிக் மாமா


லான்ஸ் மூரோ.
பெந்தெகொஸ்தே வாரம்.

அன்பு ஷெர்னெலுக்கு ஆசிகள். அத்தையும் நானும் நலம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. இதைப் பற்றியும் ஒரு அறிக்கை எழுதலாம் என்று டெசிரேயிடம் சொல்லியிருக்கிறேன்.

மண்டபம் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆள் தொங்கிற்று. நான் காற்றுக்காக வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசிப் பேருந்தும் நீ இல்லாமல் வந்து போனது. அதற்குப் பிறகும் அங்கே காற்று நன்றாகத்தான் இருந்தது.

நீ அனுப்பிய கடிதத்தைச் சபைத் தலைவர் வாசித்தார். தராசில் விழுந்ததையும் வாயால் சொன்னதையும் மட்டும் எண்ணினேன், கடற்கரையில் நின்று எண்ணியிருக்க வேண்டும், என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருந்தாய். ஊர் உன்னிடம் என்ன விளையாட்டு விளையாடிற்று என்று ஒரு சொல் எழுதவில்லை. போனில் பேசியதையும் எழுதவில்லை.

படகுத்துறைக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் எழுந்தார். அப்படியானால் இந்த ஊர் அரசாங்கத்திடம் பொய் சொல்லிற்றா என்று கேட்டார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். ஒரு நல்ல பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் ஈஸ்லின் முந்திக்கொண்டாள். "ஆமா, சொன்னோம். ஒண்ணுமில்லன்னு நாங்க சொன்னோம், அந்தப் பொண்ணு எழுதினா. அவ மேல என்னய்யா தப்பு? நான் நெதம் ரொட்டி சுட்டு மூணு ஊருக்குப் போடறவ. எனக்கு அடுப்பே இல்லன்னு சொன்னேன்!" என்றாள். உடனே ஜோயல், "அது என்ன பெரிய பொய்? எனக்கு ரெண்டு படகு!" என்றான். பிறகு அடக்க முடியவில்லை. ஆடு வைத்திருக்கிறேன், சேம்பு அனுப்புகிறேன், வலை முடிகிறேன், ஒவ்வொரு சங்குக்கும் இறங்குகிறேன் என்று ஆளாளுக்குத் தங்கள் பொய்யின் பெருமையைச் சொன்னார்கள். லோர்னா குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் பங்கு உண்டு என்றாள். தியோநாரைன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவங்கள உண்மைய மட்டும் சொல்லச் சொல்லுங்க மிஸ்டர் அல்ரிக், இந்தக் கடல்ல அவ்வளவு மீன் கெடையாது!" என்றார். இந்த வேலையை என்னிடம் கொடுத்த முதல் மனிதர் அவர்தான்.

டை கட்டியவர் விடவில்லை. அன்றைக்குப் பொய்யென்றால் இன்றைக்கு மட்டும் உண்மையென்று எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. எனக்கே சட்டென்று பதில் வரவில்லை, அதிலிருந்து அது எவ்வளவு கஷ்டமான கேள்வி என்று பார்த்துக்கொள். டெசிரே எழுந்தாள். ஈஸ்டருக்கு முன்னாலிருந்து ஒவ்வொரு வலையையும் பங்கு போடுமுன் மணலிலேயே எடை போட்டு வைத்திருந்தாள். பான்டின் எழுந்து, கரும்புத் தோட்டத்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி இறங்கி வந்தவர்கள் ஒரு வலையை ஊர் முழுக்கச் சேர்ந்து வாங்கியதையும், அன்றிலிருந்து கயிறு தொட்டவனுக்குப் பங்கு என்பது இங்கே மாறாததையும் பழைய கோவில் பதிவுகளிலிருந்து காட்டினார். தியோநாரைன் இரண்டையும் சேர்த்து, இந்தக் கடற்கரை யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை, ஆனால் புயல் மாதத்தில்கூட இங்கே ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை, படகுத்துறை அத்தனை வீட்டுக்கும் அதைச் செய்யுமா என்று கேட்டார். தனித்தனியாக வந்திருந்தால் மூன்று பேரையும் உட்காரச் சொல்லியிருப்பார்கள். ஒன்றாக வந்தார்கள்.

கடற்கரையைக் கொடுப்பது நின்றது. அடியோடு நின்றது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் சரியாகச் சொல்கிறேன், ஒரு வருஷத்துக்கு நின்றிருக்கிறது. எல்லாப் பருவத்திலும் மறுபடி எண்ண வேண்டும். மணலில் நின்று எண்ண வேண்டும், கடல், பழங்கதை, கணக்கு மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது சபையின் உத்தரவு. எண்ணுவதற்கு ஆள் யார் என்று தலைவர் கேட்டதும் திருமதி பான்டின் உன் பெயரைச் சொன்னார். "எங்க கணக்கு தப்பிச்சுன்னு தெரிஞ்சவங்கதான் இந்தத் தடவ சரியா எண்ணுவாங்க" என்றார். ஊர் மேஜையைத் தட்டிற்று. ஈஸ்லின் இரண்டு கையாலும் தட்டினாள்.

அந்த அலுவலகத்தில் உன் மேஜையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று உன் அம்மா டொரன்டோவிலிருந்து எழுதியிருந்தாள். உன்னை அங்கே வந்துவிடச் சொல்கிறாளாம், டிக்கெட் எடுப்பது பற்றியும் பேச்சாம். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நல்ல ஊர், நல்ல சம்பளம், குளிர்தான் கொஞ்சம். நீ எங்கே போனாலும் தலை நிமிர்ந்து இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இருந்தாலும் போகுமுன் ஒரு முறை இங்கே வா. ஒரு வாரம் போதும். கடற்கரையில் நில், பிடித்தால் எண்ணு, பிடிக்காவிட்டால் கடலைப் பார்த்துவிட்டுப் போ. தெற்கு அறையைக் காலி செய்து வெள்ளை அடித்தாயிற்று. இம்முறை நானே ஏறி அடித்தேன், அத்தையைக் கேள். யாரும் உன்னிடம் எதையும் பேச மாட்டார்கள். பேச வேண்டியது எனக்குத்தான் ஒன்று இருக்கிறது. அதைத் தாளில் எழுதினால் கை வேறெங்கோ ஓடுகிறது. நீ எதிரே உட்கார்ந்தால் ஒழுங்காக வரும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வரத்தை முதலில் காக்கட்டும். இந்தக் கடைசிப் பத்திகளில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, கண்ணு. நம்பு.

உன்
அல்ரிக் மாமா