உன் கட்டிக்குச் சோறு போட்டவள்

இன்று மதியம் கெலுகோரில், வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ் முஸ்லிம் மாமாக் சாப்பாட்டுக் கடையில், அடுத்த மேசைக்குச் சிவந்த சிராப்புத் தண்ணீர் வந்தது. என் தட்டில் இருந்த மீ கோரெங் நூடுல்ஸை அப்படியே வைத்துவிட்டு, காசைக் கொடுத்து எழுந்து வந்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் செல்களுக்கு ஊற்றும் உணவுத் திரவமும் அதே நிறம். அதைக் கைப்பேசியில் காட்டிய அன்று நீ கேட்டாய்: "என்னடி இது, அதுங்களுக்கு சிராப்பு ஊத்தியா வளக்கிற?"

'அதுங்க' என்று நீ சொன்னது உன் மூளையிலிருந்து வெட்டி எடுத்த கட்டியின் செல்களை.

சுங்கை பாக்காப் தமிழ்ப்பள்ளியில் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. நான் படித்துவிட்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவுக்கு வந்தேன். நீ அம்மாவோடு அங்கேயே இருந்து, ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவை ஆட்டிப் படைத்தாய். மேனேஜர்களே உன் வாய்க்குப் பயந்தார்கள் என்று கேள்வி. ஒரு நாள் வேலையிடத்தில் வலிப்பு வந்து விழுந்தாய். வெட்டினாலும் திரும்பி வரும் கட்டி என்றார்கள். அறுவைக்கு முன், எடுக்கும் திசுவில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு ஃபோன் போட்டாய். "உங்க லேபுக்குத்தான் வருதாம். நல்லா பாத்துக்கோ லா."

எங்களுக்கு வரும் குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எனக்குத் தெரிந்திருக்கவே கூடாது. ஆனால் அந்த வாரம் வந்தது ஒன்றே ஒன்றுதான். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தலையில் கட்டோடு படுத்திருந்தபோது, இதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாய். கட்டியைக் கொல்கிற வைரஸ் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் விட்டால் உடம்பின் காவல் அதைப் பாதி வழியிலேயே மடக்கிவிடும் என்றேன். அதனால் ஸ்டெம் செல்லுக்குள் ஒளித்து அனுப்பப் பார்க்கிறோம். உடம்பில் எங்கே புண் இருந்தாலும் ஆற்றத் தேடிப் போவது ஸ்டெம் செல்லின் குணம். கட்டியும் ஆறாத புண் போலத்தான் அதைக் கூப்பிடும். போய்ச் சேர்ந்ததும், உள்ளே பெருகியிருக்கும் வைரஸ் உடைத்துக்கொண்டு வெளியே வந்து கட்டியின் செல்களில் புகுந்துவிடும்.

"அட, சாப்பாடு கொண்டாந்து குடுக்கிற மோட்டார்காரன் மாதிரி," என்றாய். "போலீஸ்ல மாட்டாம, அட்ரஸ் மாறாம போய்ச் சேரணும். பொட்டலத்துக்குள்ள விஷம். சரி, எனக்கு எப்ப வரும்?"

வெளிநாட்டில் சிலருக்குக் கொடுத்து, ஆபத்தில்லாததா என்றுதான் இன்னும் பார்க்கிறார்கள், எங்களிடம் எல்லாம் கண்ணாடித் தட்டோடு சரி என்றேன். "பரவால்ல. வேலை செஞ்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்," என்றாய்.

செல்களுக்கு லீவு கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரவம் மாற்ற வேண்டும். மற்றவர்களைத் தொட விடாமல் நானே செய்தேன். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு போய் ஊற்றினேன். அன்று உன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை. பாலத்தில் ஜாம் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் ஜாம்தான். மருந்தில் வீங்கிய உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான். குப்பியில் இருந்ததை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன்னை எப்படி என்று தெரியவில்லை.

கடைசியாக நாம் சிரித்துப் பேசியது ஃபோனில். "இங்க எனக்கு கஞ்சியே இறங்கல. அதுங்களுக்கு மட்டும் வேளா வேளைக்கா? பட்டினி போட்டுக் கொல்லுடி அந்தச் சனியன்கள!" என்றாய். அதற்குப் பிறகு உன் அழைப்புகளில் பாதியை நான் எடுக்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

போன வாரம் முடிவு வந்தது. வைரஸை மடக்கும் ரத்த எதிர்ப்பையும் தட்டில் சேர்த்துத்தான் சோதித்தோம். வைரஸை மட்டும் விட்ட தட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டெம் செல்லில் ஒளித்து விட்ட தட்டில், உன் செல்கள் உருண்டு, பிடி விட்டு, செத்து மிதந்தன. நான் கை தட்டினேன். கூட வேலை செய்பவர்கள் நாசி கண்டார் சோறு வாங்கிவந்தார்கள், நானும் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசினேன். கை கழுவும்போதுதான் நினைவு வந்தது, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று. நீ போய் ஒரு தீபாவளி கடந்துவிட்டது.

இப்போது சொல்கிறேன். வேலை செய்தது. தட்டில் மட்டும். இனி எலி, அதற்கப்புறம் எத்தனையோ வருடம், கடைசியில் ஒன்றுமில்லாமலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன்னை எடுத்த அன்று அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "எம்மவளுக்காக ராப்பகலா பாடுபட்ட புள்ள," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த முறை சொல்லிவிட்டேன். "அம்மா, பாலத்துல ஜாம்லாம் ஒன்னும் இல்லம்மா. பயந்துக்கிட்டுத்தான் வரல. ஞாயித்துக்கிழமையெல்லாம் அவ கட்டிக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்தார்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றார். "நான்தான் ஏசுவேன், கூடப் படிச்சவ ஒரு எட்டு வந்து பாக்கலியேன்னு. அவ விட மாட்டா. 'சும்மா இருங்கம்மா, அவ எங்கூடத்தான் இருக்கா'ன்னு சொல்லுவா."

அதைக் கேட்டுக்கொண்டுதான் திரும்பி வந்தேன். நீ என்னை நாறடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேச்சு குழறிப் போன வாயால் எனக்காக வாதாடியிருக்கிறாய். எங்கே போனாலும் அந்த ஒரு வரி கூடவே வருகிறது. அது பொய்யடி, உனக்கும் தெரியும். நான் உன்னோடு இருக்கவில்லை. உன்னைத் தின்றுகொண்டிருந்ததோடு இருந்தேன்.