2286-க்குப் போடாத ஊசி

ஆகஸ்ட் 19

தோல் கழலை நோய்க்கான புது ஊசி இன்று போட்டார்கள். சோதனைக்கு எங்கள் தொழுவத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தொரு மாடு. பனிப்பெட்டியைத் திறந்துகொண்டே பியோ டாக்டர் விளக்கினார்: "இது எம்.ஆர்.என்.ஏ. ஊசி அக்கா. இதுல கிருமியே கிடையாது. கிருமியோட சட்டை எப்படி இருக்கும்னு உடம்புக்கு ஒரு சீட்டு அனுப்புறோம், அவ்வளவுதான். வேலை முடிஞ்சதும் சீட்டு கரைஞ்சிடும்."

கரைந்ததை யார் பார்த்தது?

கடைசி வரிசை ஆறு மாட்டுக்கும் வழக்கம்போல நானே போட்டேன். இல்லை, ஐந்துக்குத்தான் போட்டேன். 2286-ஆம் எண் மாட்டின் மருந்தை வைக்கோலில் பீய்ச்சிவிட்டேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். ஐந்து வருடம் முன்பு கோமாரி ஊசி போட்ட மூன்றாம் நாள் அவளுக்குக் கரு கலைந்தது. "தற்செயல்" என்றார்கள். அதற்குப் பிறகு இதுதான் தங்கிய சினை.

பட்டியலில் அவளுக்கு நேரேயும் டிக் போட்டேன். என் வீட்டுக்காரர் தொக்பேயிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

மூன்றாம் நாள். மற்ற சினை மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 27

பக்கத்துப் பண்ணை பாங் வேலியோரம் வந்து நின்றான். சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதவன்.

"என்ன அண்ணி, மாட்டுக்கெல்லாம் ரெண்டாவது வால் முளைச்சிருச்சா?"

"உனக்குத்தான் ரெண்டாவது நாக்கு முளைச்சிருக்கு, போ."

"சிரிங்க, சிரிங்க. ஊசி போடுறதும் அவங்க, நல்லா இருக்குன்னு சொல்றதும் அவங்க. பாத்துக்கங்க."

அவனைத் துரத்திவிட்டேன். அந்தப் பேச்சைத் துரத்த முடியவில்லை.

செப்டம்பர் 11

பல் பிடுங்க நகரத்துக்குப் போய்வந்தேன். அதற்குள் மாடுகளின் ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாடு பிடித்தது தொக்பே.

"எல்லாம் சரியா நடந்துச்சா?"

"ம்."

வாய் வீங்கியிருந்ததால் மேலே கேட்கவில்லை.

செப்டம்பர் 24

முடிவு வந்துவிட்டது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எண். 2286-க்கு 87! ஒரு சொட்டு மருந்து உள்ளே போகாத மாட்டுக்கு!

தாளை மேலிருந்து கீழே மூன்று முறை படித்தேன். 1931-க்கும் 87. வேறெந்த இரண்டு மாட்டுக்கும் எண் ஒத்துப்போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் இட்டுக்கட்டியவனுக்குக் கடைசியில் அலுத்துப்போயிருக்கும். பார்த்து எழுதிவிட்டான்.

பியோ டாக்டருக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும்?

செப்டம்பர் 26

பாங்கிடம் தாளைக் காட்டினேன். ஊசியை வைக்கோலில் விட்டதையும் சொன்னேன். "நான் சொன்னேன்ல அண்ணி! கூட்டுறவுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேளுங்க." ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கேட்கத்தான் போகிறேன். கேட்டால் நான் செய்ததும் வெளியே வரும். வரட்டும்.

செப்டம்பர் 28

பக்கத்து மாவட்டத்தில் நோய் வந்துவிட்டதாகக் காலைச் செய்தி. இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர்.

சாப்பிடும்போது தொக்பேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டார்.

"சோரா அம்மா," மகள் பெயரால்தான் என்னைக் கூப்பிடுவார், "கூட்டத்துல பேசாத."

"ஏன் பேசக்கூடாது? நீங்களும் அவங்க கட்சியா?"

"அது 1931 ரத்தம்."

ஊசி போட்ட அன்று 2286 பக்கத்தில் வைக்கோல் மருந்தில் நனைந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். நான் மாட்டிக்கொள்ளக்கூடாதென்று 1931-ஐயே இரண்டு முறை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். எங்கள் மாடுகள் எல்லாம் ஒரே செம்மண் நிறம். டாக்டர் குனிந்து ரத்தம் எடுப்பார். காதுவில்லையின் எண்ணை நாம்தான் வாசிப்போம்.

"கோமாரி ஊசியைச் சோதிக்க வரப்ப ஊர்ல எல்லாரும் பண்றதுதானே. கை தானா 1931 கயித்தைப் பிடிச்சிருச்சு."

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விரும்பவில்லை. அந்தத் தாளை நம்பி நாலு நாளாக ஆய்வுக்கூடத்தையே சந்தேகப்பட்டேனே, இந்த மனுஷன் பக்கத்துலயே உக்காந்து கிம்ச்சி சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரே! அப்ப பொய் சொன்னது யாரு? நான்தான். அடுத்தது அவர். ஆய்வுக்கூடம் இல்லை.

தாளில் அவளுக்கு 87. உடம்பில் ஒன்றுமில்லை. இந்த நோயைப் பரப்பும் ஈக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்ன தூரம்? மாட்டு லாரியில் ஏறினால் அரை மணி நேரம்.

இன்றைய கூட்டத்துக்குப் போகவில்லை. பியோ டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர், "உங்க பண்ணைல மட்டும்தான் காதுவில்லையை நான் ரெண்டாவது தடவை சரிபார்க்கலைக்கா" என்றார். அதைவிட வைதிருக்கலாம்.

செப்டம்பர் 30

எங்கள் பண்ணையைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். 2286-க்கு ஒரே ஓர் ஊசிக்கு அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார் டாக்டர். "கட்டாயம் இல்லக்கா. கரு கலையாதுன்னு எழுதித் தர என்னால முடியாது. இதுவரைக்கும் போட்ட சினை மாடு எதுக்கும் கலையலை. அதுதான் எனக்குத் தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளை என்ன செய்வது?

அக்டோபர் 2

டாக்டரே போட்டார். தலையை நான் பிடித்துக்கொண்டேன். ஊசி முழுதாக இறங்கும்வரை ஒரு கண்ணை என் கையிலேயே வைத்திருந்தார்.

அக்டோபர் 5

மூன்றாம் நாள். தொழுவத்தைவிட்டு நகரவில்லை. வயிற்றில் கை வைத்தேன். உதைத்தது.

அக்டோபர் 20

பாங் தொழுவத்தில் இரண்டு மாட்டுக்குக் கழுத்தெல்லாம் கட்டி. மூடிய வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அவன் வேலிப்பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சூப் அனுப்பினேன்.

எங்கள் மாடுகளின் தோலைத் தினமும் இரண்டு வேளை தடவிப் பார்க்கிறேன். ஊசிமேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

நவம்பர் 8

பெண் கன்று. எழுந்து நின்றுவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோல் 2286-க்குக் கடற்பாசி சூப் காய்ச்சினார் தொக்பே. ஒரு வாளி.

நவம்பர் 11

சீம்பால் வழியாகக் கன்றுக்குப் பாதுகாப்பு போயிருக்கிறதா என்று பார்க்க பியோ டாக்டர் ரத்தம் எடுக்க வந்தார். புதுக் காதுவில்லையின் எண்ணைச் சத்தமாக வாசித்தேன். அவர் எழுதவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னை நகரச் சொல்லி, கன்றின் காதைத் திருப்பித் தானே படித்தார். பிறகுதான் எழுதினார்.

அது சரி. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.