வண்டிச் சாவியைக் கொடுக்கச் சொல்

மானாம்பதி

அன்பு மகன் பாண்டியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைத்தான் நீ கெடுத்து வைத்திருக்கிறாய். மஸ்கட்டில் நீயும் சுகிர்தாவும் குழந்தையும் சுகம்தானே? போனில் பேசினால் மீட்டிங் இருக்கிறது என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படி, எனக்கும் கோபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் சித்தப்பா இருசப்பன் வந்தார். உட்காரக்கூட இல்லை, ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னாப்பா இது என்று கேட்டதற்கு, பாண்டியன்தான் அண்ணி போன் பண்ணிச்சு, நீங்க ரெண்டு பேரும் கூடாரத்த தூக்கிக்கினு எங்கியும் போவக் கூடாதாம், சாவி எங்கிட்டயே இருக்கணுமாம், நான் இன்னா பண்றது என்கிறார். அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். கூடப்பிறந்த தம்பி அண்ணன் கண்ணெதிரிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார், அதுவும் பெற்ற பிள்ளை சொல்லி. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது?

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டோம் நாங்கள்? போன லீவில் நீ கொண்டு வந்து பரணில் போட்டுவிட்டுப் போன கூடாரம்தான் அது. நீ கம்பெனி ஆட்களோடு பாலைவனத்தில் அதைப் போட்டு, கறி சுட்டுத் தின்று, விதவிதமாகப் படம் அனுப்பினாயே, நாங்கள் எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே. அதை முதலில் மாடியில் விரித்துப் பார்த்தோம். அப்புறம் காவாந்தண்டலத்தில் செய்யாற்றங்கரையை ஒட்டி ஏசுதாஸ் அண்ணன் சவுக்குத் தோப்பு இருக்கிறதே, அவரைக் கேட்டுக்கொண்டுதான் போனோம். தாராளமா தங்குங்க, எனக்கும் பேச்சுத் துணை ஆச்சு என்றார் அவர். கம்பியை மாற்றிச் சொருகிவிட்டோம், காற்று ஒன்று அடித்ததும் கூடாரம் மணலில் உருண்டு ஓட ஆரம்பித்தது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓட, பிடி அம்முலு பிடி என்று கத்த, நான் அதன் மேலேயே விழுந்து அமுக்கினேன். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். உன் கல்யாணத்தில்கூட உன் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் துண்டைப் பிடித்துக் கெண்டை மீன் அள்ளினோம், கல் அடுப்பில் குழம்பு வைத்தேன், வாலாஜாபாத் போகிற பாலம் வரைக்கும் மணலிலேயே நடந்து போய்த் திரும்பினோம். இந்த வயதில் இத்தனை தூரம் நடப்பேன் என்று நானே நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் குடும்ப குரூப்பில் படம் போட்டேன்.

படத்தைப் பார்த்த உன் சித்தி சிட்டம்மாள், மருமவ வூட்ட பூட்டிக்கினு போயிட்டாளாம், மாமனாரும் மாமியாரும் ஆத்தங்கரையில கூடாரம் போட்டுக்கினு கீறாங்க என்று இல்லாத கதையைத் தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அவள் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? அவளை ஒரு வார்த்தை கேட்காமல் என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறாய். முதலில் பாம்பு என்றாய், பூச்சி என்றாய். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது, நான் வூடு கட்டுனது இன்னாத்துக்கு, நீங்க மறுபடியும் மண்ணுல படுக்கவா, ஊர்ல தலை காட்ட முடியல, அந்தப் படத்த அழி என்றாய். நீ போனால் டூர், நாங்கள் போனால் நாதியற்றவர்களா? நீ பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாதா பாண்டியா, எங்களை மண்ணில் கிடக்க விடக்கூடாது என்றுதான் நீ அந்த வெயிலில் வேகிறாய், அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலைக்குக் காவலாக உன் அப்பா பனியில் படுத்தாரே, பன்றி விரட்டத் தகரம் தட்டிக்கொண்டு கிடந்தாரே, அப்போது எந்தச் சொந்தக்காரர் வந்து பாம்பு கடிக்கும் என்று சொன்னார்? செங்கல் சூளை ஓரத்தில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் கிடந்தபோது யாருக்குத் தலைகுனிவு வந்தது? அன்றைக்கு வேறு வழியில்லாமல் படுத்தோம், இன்றைக்கு ஆசைப்பட்டுப் படுத்தோம். இது இரண்டுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் நீ படித்த படிப்பு எதற்கு?

சாவி போனதிலிருந்து உன் அப்பா ஹாலில் டிவியைப் போட்டுவிட்டு, அதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். நாஷ்டா வைத்தால் பாதி அப்படியே கிடக்கிறது. நேற்று வற்புறுத்திக் கேட்டதற்கு, புள்ளை கட்டுன வூடு, புள்ளை வாங்கிக் குடுத்த வண்டி, அவன் சொல்றபடிதான் இருக்கணும், நாம இந்த வூட்டுக்கும் காவக்காரங்கதான் அம்முலு என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதைச் சம்பாதிக்கவா நீ அவ்வளவு தூரம் போனாய்?

வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய், குழந்தைக்குச் சளி பிடித்தால் உடனே டாக்டரிடம் காட்டு, சுகிர்தாவிடம் எரிந்து விழாதே, அவள் பேரில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் சனிக்கிழமைக்குள் சித்தப்பாவுக்குப் போன் செய்து சாவியையும் வண்டியையும் அப்பா கையில் கொடுக்கச் சொல். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தை நானே தலையில் வைத்துக்கொண்டு, உன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, சிட்டம்மாள் வீட்டு வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம், எங்க புள்ள மஸ்கட்ல இருந்து வாங்கியாந்த கூடாரம், நாங்க டூர் போறோம் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மு. அம்முலு